எதுவும் சொல்லாமலே வேலையை விட்டுப் போகிறார்கள்: மேற்பார்வையாளரின் போக்கு எவ்வளவு காரணம்?

கேள்வி
பதிவிட்டவர்: மனிதவள அலுவலர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பஞ்சாலை, வார்ப்படம், பின்னலாடை என்று நம் கொங்குப் பகுதியின் பல தொழில்களில் இருப்பவர்கள் இங்கே கூடியிருப்பதால், நெடுநாளாக என்னை உறுத்திவரும் ஒரு கேள்வியைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

எங்கள் தையல் பிரிவில் எல்லா லைன்களுக்கும் (தையல் மெஷின் வரிசைகளுக்கும்) ஷிப்ட் சம்பளம் ஒன்றுதான். வேன், விடுதி, சாப்பாடு, போனஸ் எதிலும் வேறுபாடு கிடையாது. ஆனாலும் ஆட்கள் தங்குவதில் அடுத்தடுத்த இரண்டு லைன்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. முதல் லைனின் சூப்பர்வைசர் தொழில் நன்றாகத் தெரிந்தவர். மணிநேரக் கணக்கு எழுதும் பலகையில் அவருடைய எண்ணிக்கை எப்போதும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அவருடைய லைனில்தான் பவர் டேபிள்கள் (தையல் மெஷின் மேசைகள்) முதலில் காலியாகின்றன. இரண்டாவது லைனில் பொங்கலுக்குத் தென்மாவட்டங்களுக்கும் ஒடிசாவுக்கும் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். சிலர் தங்கையையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ வேலைக்குக் கூட்டிக்கொண்டும் வருகிறார்கள்.

விலகுபவர்களிடம் காரணம் கேட்டால், "வீட்டுல சூழ்நிலை சரியில்லீங்க", "தங்கச்சி கல்யாணமுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வருவதில்லை. அடுத்த மாதமே அவர்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புகார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஆட்கள் அதிகம் விலகும் அந்த லைனிலிருந்துதான் ஒரு புகாரும் இருப்பதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் லைனில் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு, ஆடையின் உடல் பகுதியும் கைப் பகுதியும் வேறு வேறு சாய லாட்டை (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியை)ச் சேர்ந்தவை என்பது காலையிலேயே கண்ணில் பட்டிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இறுதிப் பரிசோதனையில் நிற வேறுபாடு பிடிபட்டு, மறுபடி வெட்டித் தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தது. ஏன் சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டபோது, "சொன்னா நீ ஏன் மாத்தி எடுத்தேன்னு என்னையத்தானுங்க கேப்பாங்க" என்றார்.

கூலியைக் கொஞ்சம் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்பது எங்கள் முதலாளியின் கருத்து. ஆட்கள் விலகுவதும் வாய் திறக்காமல் இருப்பதும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றனவா என்பது என் ஐயம். அப்படியானால் அது மேற்பார்வையாளரின் போக்கா, நிறுவனத்தின் அமைப்பா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1
பதிவிட்டவர்: மேலாண்மைத் துறை ஆசிரியர், கோயம்புத்தூர்

வணக்கம். இரண்டுக்கும் ஒரே வேர்தான் என்ற உங்கள் ஐயம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே பொருந்துகிறது. தான் சார்ந்த நிறுவனத்தில் நிலைமை கெடுவதைக் காணும் ஒருவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: விலகிப் போவது ஒன்று, உள்ளேயே இருந்து குரல் கொடுப்பது மற்றொன்று. விலகுவது எளிதாக இருக்கும் இடத்தில் குரல் கொடுக்கும் சிரமத்தை ஏற்கப் பலர் முன்வருவதில்லை. திருப்பூரில் தையல் தெரிந்தவர் மாலையில் ஒரு கேட்டைத் தாண்டினால் மறுநாள் காலையில் இன்னொரு கேட்டில் நுழைந்துவிடலாம். "டெய்லர் தேவை" என்ற பலகை தொங்காத தெருவைக் காண்பது அரிது. அப்படிப்பட்ட ஊரில் சூப்பர்வைசரோடு வாதாடி அவருடைய கோபத்தைச் சம்பாதிப்பானேன் என்று ஒரு தொழிலாளி எண்ணுவது இயல்பு. ஆகவே நிறுவனத்தின் காதுக்கு எட்டும் முதல் புகாரே அவருடைய விலகல்தான்.

உங்கள் புகார்ப் பெட்டி காலியாக இருப்பதை நல்ல அறிகுறியாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டில் பணிபுரியும் ஏமி எட்மண்ட்சன், 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து செயல்படும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்த தரவோ, அத்தகைய குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருப்பதாகக் காட்டியது. மேலும் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அந்தக் குழுக்களில் பிழையை வெளியே சொல்ல யாரும் அஞ்சவில்லை. தலைமைச் செவிலியருக்கு அஞ்சிய பிரிவுகளில் பிழைகள் மறைக்கப்பட்டன. ஒரு கேள்வியை, ஐயத்தை, தவற்றைச் சொன்னால் தனக்குக் கேடு வராது என்று குழுவில் உள்ளவர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கையை அவர் உளப் பாதுகாப்பு என்று குறிப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். உங்கள் முதல் லைனில் புகார் இல்லாததும், வேறு லாட் துணி கலந்ததைக் கண்ட பெண் வாய் திறக்காததும் எனக்கு ஒரே செய்தியாகவே படுகின்றன.

அடுத்து, எத்தகைய தலைமை என்பது. ஜேம்ஸ் டெட்டர்ட், ஈதன் பரிஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஓர் உணவகத் தொடர் நிறுவனத்தில் நடத்தப்பட்டது. ஊக்கமூட்டிப் பேசும் தலைவர், உயர்ந்த நோக்கங்களை எடுத்துச் சொல்லும் தலைவர் என்பதைவிட, கீழே உள்ளவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு அதன்மேல் ஏதாவது செய்யும் தலைவர் என்பதே ஊழியர்கள் வாய் திறப்பதோடு உறுதியாகத் தொடர்புடையதாக இருந்தது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு: தலைவரின் போக்கு மிக அதிகமாகப் பாதித்தது நன்றாக வேலை செய்யும் ஊழியர்களின் பேச்சைத்தான். அதாவது, யாருடைய கருத்து நிறுவனத்துக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் முதலில் மௌனமாகிறார்கள். திறமையான டெய்லருக்கு வேறு வேலையும் விரைவில் கிடைக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் இழப்பின் அளவு தெரியும்.

கடுஞ்சொல்லும் அவமதிப்பும் கொண்ட மேற்பார்வையைப் பற்றி பென்னட் டெப்பர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய மேலாளரிடம் இருந்தவர்கள் வேலையை விட்டு விலகுவது அதிகமாக இருந்தது. விலகாமல் இருந்தவர்களின் மனநிறைவு குன்றியிருந்தது. வேறு வேலைக்குப் போகும் வாய்ப்பு குறைந்தவர்களை இந்தப் பாதிப்பு இன்னும் கடுமையாகத் தாக்கியது. குடும்பச் சூழலால் வேறெங்கும் போக இயலாமல் அந்த லைனிலேயே தங்கிவிட்ட பெண்களை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று இதனால் சொல்கிறேன்.

நமக்கு மிக நெருக்கமான சான்று ஒன்றும் இருக்கிறது. இந்திய ஆயத்த ஆடை ஆலைகளில், தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தபட்சக் கூலி உயராமல் ஏமாற்றமடைந்திருந்த நேரத்தில், அச்யுத அத்வர்யு உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் மட்டும் பணியிடம், சூப்பர்வைசர், மனநிறைவு ஆகியவற்றைப் பற்றிப் பெயர் வெளிப்படாமல் கருத்துக் கேட்டார்கள். அடுத்து வந்த மாதங்களில், கருத்துக் கேட்கப்பட்டவர்கள் விலகும் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5இல் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதற்காக அவர்களுக்குத் தனியாகக் கூலி எதுவும் கூட்டப்படவில்லை.


பதில் 2
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர், சிங்காநல்லூர்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் ஓர் அடிப்படையில் மாறுபடுகிறேன். தலைமைப் பண்பு, அணுகுமுறை என்று பேசும்போது எல்லாமே ஒரு தனிமனிதரின் குணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. நல்ல மேஸ்திரி இருக்கும்வரை தொழிலாளி பேசுவார். அவர் மாற்றலாகிப் போனால் அந்த உரிமையும் அவரோடு போய்விடும். அப்படிக் கைமாறிப் போவதை உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோவையில் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் 1930களில் வந்தபிறகு ஆலைகள் பெருகின. அந்தக் காலத்து ஆலைகளில் மேற்பார்வை மென்மையாக இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் பிற்காலத்தில் நிரந்தரத் தொழிலாளர்கள் நூற்புப் பிரிவில் நின்றுகொண்டே மேலாளரிடம் எதிர்த்துக் கேட்டார்கள் என்றால், கேட்டதற்காக மறுநாள் வேலை போகாது என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. பின்னால் சங்கம் இருந்தது. அதே ஆலைகளில் நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து, விடுதியில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த இடத்துக்கு வந்தபிறகு பேச்சு நின்றுவிட்டது. மேலாளர்களின் குணம் அதற்குள் மாறிவிட்டதா என்ன? தொழிலாளி நிற்கும் தரைதான் மாறியது.

இங்கே இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆள் தங்குவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் பெரிய தவறு நேரும். சில ஆண்டுகள் வேலை செய்து முடித்தால்தான் மொத்தத் தொகை கையில் கிடைக்கும், அதையும் திருமணச் செலவுக்கு என்று சொல்லி மில்களில் பெண்களைச் சேர்த்த திட்டத்தை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. அங்கேயும் ஆட்கள் தங்கத்தான் செய்தார்கள். முன்பணம் கொடுத்து வைத்திருப்பதும், ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பதும், விடுதிக் கதவைப் பூட்டிவைப்பதும் ஆளைத் தங்கவைக்கும். போகவும் முடியாமல் பேசவும் முடியாமல் இருக்கும் நிலையைவிட, பேசாமல் போய்விடும் நிலையே தொழிலாளிக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் முதலாளியிடம் அறிக்கை கொடுக்கும்போது தங்கியோர் எண்ணிக்கையோடு அவர்கள் எதனால் தங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

சட்டம் இதற்கு வழிசெய்துதான் வைத்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் தொழிலாளர் தரப்பின் இடங்கள் நிர்வாகத் தரப்பின் இடங்களுக்குக் குறையாமல் இருக்கும் தொழிற்கூடக் குழுவுக்கு வகைசெய்தது. 20 பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று 2010இல் கொண்டுவந்த திருத்தம் சொன்னது. அந்த 20 என்ற எண்ணை 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் வைத்திருக்கிறது. பெண்கள் மொத்தத் தொழிலாளர்களில் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதற்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. பனியன் கம்பெனிகளில் தைப்பவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தக் குழுக்களில் எவ்வளவு பேர் என்று பாருங்கள். பல இடங்களில் குழு தணிக்கைக்கு வருபவர்களுக்குக் காட்டும் கோப்பில் மட்டும் இருக்கிறது. உறுப்பினரை மனிதவளப் பிரிவே பெயர் எழுதிப் போட்டால், அவரிடம் எந்தத் தொழிலாளியும் மனம் திறக்க மாட்டார். தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும்.


பதில் 3
பதிவிட்டவர்: வார்ப்பட ஆலை மேலாளர், அரசூர்

சிறிய கருத்து ஒன்று. கண்டிப்பான தலைமை என்றாலே ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று இந்த உரையாடல் முடிந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் உருகிய இரும்பை ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வார்க்கிறோம். அந்த நேரத்தில் கலந்து பேசிக்கொண்டிருக்க இயலாது. ஒருவர் கட்டளையிட மற்றவர்கள் செய்ய வேண்டும். ஆனால் அதே இடத்தில்தான் கடைசியாகச் சேர்ந்த உதவியாளரும் "நிறுத்துங்க" என்று கத்தக்கூடியவராக இருக்க வேண்டும். உருகிய இரும்பை ஏந்தும் லேடில் சரியாகச் சூடேற்றப்படாமல் ஈரமாக இருந்தாலோ, அச்சு மண்ணில் நீர் அதிகமாக இருந்தாலோ, அந்த நீர் நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து இரும்பை வெளியே வாரியிறைக்கும். ஈரத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் மேலாளராக இருப்பதில்லை.

அதனால் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. வார்ப்பை யார் நிறுத்தினாலும், நிறுத்தியது தேவையற்றது என்று பிறகு தெரிந்தாலும், அவரை அந்த இடத்தில் யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அன்று மாலை ஃபோர்மேன் அவரை அழைத்து, எதைக் கண்டு நிறுத்தினார் என்று கேட்டு, அடுத்த முறை எப்படிப் பார்ப்பது என்று காட்டுவார். டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் எவரும் கயிற்றை இழுக்கலாம், இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு வருவார் என்ற ஏற்பாடும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வேலை முறையில் கண்டிப்பாக இருப்பவரிடம் ஆட்கள் தங்குகிறார்கள். இன்று ஒரு விதி, நாளை ஒரு விதி, தன் ஆளுக்கு ஒரு விதி என்று நடப்பவரிடம்தான் தங்குவதில்லை என்பது நான் கண்டது.


பதில் 4
பதிவிட்டவர்: லைன் சூப்பர்வைசர், திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹெல்பராகச் சேர்ந்து, கைமடித்து, பிளாட்லாக் மெஷின் ஓட்டி, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். பேசுபவர்கள் பெரும்பாலும் சூப்பர்வைசரைப் பற்றிப் பேசுகிறீர்கள். சூப்பர்வைசரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பலகையில் மணிக்கு ஒரு முறை எண்ணிக்கை எழுதப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் புரொடக்‌ஷன் மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் எங்களைக் கேட்கிறார். அவரை முதலாளி கேட்கிறார். முதலாளியைப் பையர் (சரக்கு வாங்கும் நிறுவனத்தார்) கேட்கிறார். பையர் விலையைக் குறைத்து, டெலிவரி தேதியையும் முன்னால் இழுத்தால் அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கி, கடைசியில் கழிப்பறைக்குப் போய்வர அனுமதி கேட்கும் பெண்ணின்மேல் வந்து விழுகிறது. அந்த முதல் லைன் சூப்பர்வைசர் திட்டுகிறார் என்றால், திட்டுவதற்காகவே அவர் பாராட்டப்பட்டிருக்கிறாரா என்று அருள்கூர்ந்து பாருங்கள் ஐயா. எண்ணிக்கை கூடியதற்கு அவருக்கு ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, ஆட்கள் விலகியதற்கு அவரைக் குறை சொன்னால், அவர் எதைத் தொடர்ந்து செய்வார்?

சிவப்பு அட்டையைப் பற்றியும் எழுத வேண்டும். பல கம்பெனிகளில் மெஷினுக்கு மெஷின் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கவிடுகிறார்கள். செக்கிங் செய்பவர் சில பீஸ்களை எடுத்துப் பார்த்து, குறை இருந்தால் நிறத்தை மாற்றுவார். மெஷினில் நூல் இழுவை சரியில்லையா, ஊசி மழுங்கிவிட்டதா, துணியில் கோளாறா என்று உடனே பார்ப்பதற்காக வந்த முறை அது. நடைமுறையில் சிவப்பு அட்டை தொங்கும் மெஷினில் இருப்பவரை வருவோர் போவோர் எல்லாம் பார்க்கிறார்கள். அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. பிறகு டெய்லரும் செக்கிங் பெண்ணும் தமக்குள் சரிக்கட்டிக்கொண்டு பச்சையையே தொங்கவிடுகிறார்கள். நான் என் லைனில் ஒரு மாற்றம் செய்தேன். சிவப்பு விழுந்தால் முதலில் மெக்கானிக்கை அழைப்பேன். மெஷினும் துணியும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்தபிறகுதான் தைப்பவரிடம் பேசுவேன், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில். இப்போது டெய்லர்களே, "அக்கா, தையல் விடுது, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பீஸில் பிடிபடும் குறை ஒரு பண்டிலில் பிடிபடும் குறையைவிட எவ்வளவு மலிவு என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய சிக்கல் மொழி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று நம் லைன்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் காண்ட்ராக்டரோ அவருடைய ஆளோதான் நின்று பேசுகிறார். அந்தப் பெண் மூன்று சொற்றொடர் பேசுவாள். அவர், "ஒண்ணுமில்லீங்க, லீவு கேக்குறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தலைக்கு இவ்வளவு என்று காசு பார்ப்பவர், தன் ஆளைப் பற்றிய குறையையோ தன்னைப் பற்றிய குறையையோ எங்களிடம் எடுத்துச் சொல்வார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவரை, காண்ட்ராக்டருக்குக் கட்டுப்படாதவராகப் பார்த்து, கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்தால்தான் அவர்கள் பேசுவது நம் காதில் விழும்.

பெண்கள் சொல்லத் தயங்கும் செய்திகள் வேறு வகையானவை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லைக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரிவதில்லை. திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஆலையைப் பற்றி 2022இல் தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டில், லைனில் வேலை செய்யும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லைகளைக் கவனித்துத் தெரிவிப்பவர்களாக அமர்த்தினார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்வது மேல்மாடி அறையில் இருக்கும் அலுவலரிடம் சொல்வதைவிட எவ்வளவோ எளிது. சிங்காநல்லூர் ஐயா சொல்லும் அமைப்பும் ஆசிரியர் ஐயா சொல்லும் நம்பிக்கையும் இந்த இடத்தில் ஒன்றுசேர்வதாக எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, யாராவது ஒன்றைச் சொன்னால் அன்றைக்கே ஒரு பதில் கொடுத்துவிடுங்கள். முடியாது என்பதும் பதில்தான். ஏன் முடியாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியபின் எதுவும் நடக்கவில்லை என்றால் அந்தப் பெண் என்னிடம் மறுபடி வரமாட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வரமாட்டார்கள்.


கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: மனிதவள அலுவலர், திருப்பூர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊக்கத்தொகையைப் பற்றி லைன் சூப்பர்வைசர் அம்மா எழுதியது மிகவும் சரி. எங்கள் நிறுவனத்தில் அது எண்ணிக்கைக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. முதலாளி வைக்கும் கூலிக் கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். கூலியைக் கூட்டினால் போதாது என்று அவரிடம் சொன்னால், கூட்டவே வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.


பதில் 5
பதிவிட்டவர்: மேலாண்மைத் துறை ஆசிரியர், கோயம்புத்தூர்

உங்கள் தயக்கம் நியாயமானது. கூலி குறைவாக இருக்கும் இடத்தில் நல்ல பேச்சு அதற்கு ஈடாகாது. நான் குறிப்பிட்ட ஆய்வை, கூலிக்குப் பதிலாகக் கருத்துக் கேட்டால் போதும் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது.

முதலாளியிடம் ஃபோர்டு நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1913இல் அந்தக் கார் ஆலையில் ஆட்கள் விலகும் அளவு ஆண்டுக்கு 370 விழுக்காடு. அதாவது, ஓர் இடத்துக்கு ஓராண்டில் மூன்று, நான்கு பேரை மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்துத்தான் அவர்கள் அதைக் குறைத்தார்கள் என்பது எல்லோரும் சொல்வது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1913 அக்டோபரில், ஃபோர்மேன் தன் விருப்பப்படி ஒருவரை வேலையைவிட்டு நீக்கும் அதிகாரத்தை அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. ஒருவர் ஃபோர்மேனோடு ஒத்துப்போகவில்லை என்றால், வேறு பிரிவில் அவரை வைத்துப் பார்க்கும் பொறுப்பு வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தது. இரண்டு நடவடிக்கைகளும் அடுத்தடுத்து நடந்தவை என்பதால் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் அதே நிறுவனம் சங்கத்தைக் கடுமையாக எதிர்த்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிங்காநல்லூர் ஐயாவின் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. ரிச்சர்ட் ஃப்ரீமன் போன்ற தொழிலாளர் பொருளியலறிஞர்கள், கூலி வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபிறகும் சங்கம் உள்ள இடங்களில் விலகல் குறைவு என்று அமெரிக்கத் தரவுகளைக்கொண்டு காட்டியிருக்கிறார்கள்.

நடைமுறையில், கணக்கிலிருந்து தொடங்குங்கள். விலகியோர் எண்ணிக்கையை நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து எழுதாமல் லைன்வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு விலகலுக்கும் ஆகும் செலவையும், அதாவது புதியவருக்குப் பயிற்சி கொடுக்கும் நாள்கள், அந்த நாள்களில் குறையும் எண்ணிக்கை, கூடும் ரிஜெக்‌ஷன், காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தொகை ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள். விமானத்தில் சரக்கு அனுப்பிய செலவை முதல் லைனின் பெயரில் எழுதிப் பார்த்தால், பலகையில் கூடுதலாகத் தெரியும் எண்ணிக்கை உண்மையில் எவ்வளவு லாபம் தந்தது என்பது முதலாளிக்கே விளங்கும். விலகியவர்களிடம் காரணத்தைக் கணக்கு முடிக்கும் நாளில் கேட்காதீர்கள். நிலுவைச் சம்பளம் உங்கள் கையில் இருக்கும்போது யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். புதிய இடத்தில் சேர்ந்து சில வாரங்கள் கழிந்தபின், அவர்கள் நம்பும் ஒருவர் மூலமாக, முடிந்தால் அவர்கள் மொழியிலேயே தொலைபேசியில் கேளுங்கள். சூப்பர்வைசர்களின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை, அந்த லைனில் தங்கியவர்களின் அளவோடும், இறுதிப் பரிசோதனைக்குப் போகும் முன்பே லைனுக்குள் சொல்லப்பட்டுத் திருத்தப்பட்ட குறைகளின் அளவோடும் இணையுங்கள். இரண்டாவது அளவு தொடக்கத்தில் திடீரென்று உயரும். அதைக் கண்டு முதலாளி அதிர்ச்சியடையாமல் இருக்க, முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்.

அந்த முதல் லைன் சூப்பர்வைசரையும் உடனே மாற்றிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தொழில் தெரிந்தவர் என்கிறீர்கள். இரண்டாவது லைனில் ஒரு மாதம் உடனிருந்து வேலை பார்க்கும் வாய்ப்பை முதலில் அவருக்குக் கொடுங்கள்.


பதில் 6
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர், சிங்காநல்லூர்

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்குத் தாளின் ஒரு படியைக் குறைதீர்க்கும் குழுவில் உள்ள தொழிலாளர்களுக்கும் கொடுங்கள். எந்த லைனில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதை அலுவலகம் மட்டும் அறிந்திருப்பதில் பயன் குறைவு. ஏன் விலகினார்கள் என்பதை அந்தத் தாளின் பக்கத்தில் எழுதக்கூடியவர்கள் அவர்கள்தான். பண்டில் எடுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இந்தச் செய்தியால் எந்தக் கேடும் நேரவில்லை என்பதையும் மற்ற பெண்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.